சவுரியம்மாளின் காலடி மண்

கண்டமங்கலம் பக்கத்து மாதாகோயில் தெருவில், சவுரியம்மாள் வைத்த உப்புக்கண்டக் குழம்பைத் தின்னாமல் ஒரு தேர்த் திருவிழாவும் முடிந்ததில்லை. நாற்று நடவும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவள்தான். வருஷம் முழுக்க யார் யாரோ வரப்பில் நின்று அவளை அதட்டுவார்கள். திருவிழா அன்றைக்கு மட்டும் சொந்தபந்தமெல்லாம் தட்டும் கையுமாக அவள் வாசலில் காத்துக் கிடக்கும். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்றால் பொய்யில்லை.

அதில் மண்ணைப் போட்டது ஒரு பீப்பாய்.

அவள் கொழுந்தன் அந்தோணிசாமி புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டுக்குச் சமையல்காரன். எண்பத்து நாலில் திண்டிவனத்து எண்ணெய் மில்லிலிருந்து பழைய பீப்பாய் ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லின் மேல் நிறுத்தினான். மேலே குறுக்குக் கம்பியில் பன்றிக் கறி தொங்கும். அடியில் மல்லாட்டைத் தோல் புகையும். பகலெல்லாம் புகையில் கிடந்த கறி வெல்லப்பாகு நிறத்தில் வெளியே வந்தது. அவ்வளவுதான், அந்த வருஷத் திருவிழாக் கூட்டம் மொத்தமும் கொழுந்தன் வாசலுக்குப் போய்விட்டது. சவுரியம்மாளின் குழம்பு சட்டியோடு ஆறிப்போனது. "ஒரு துண்டு வாயில போட்டுக்கினு வர்றேன்" என்று போன அவள் புருஷன் சூசை, ஏப்பம் விட்டுக்கொண்டுதான் திரும்பினார்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஓரகத்தி சலேத்தம்மாள் திமிர் பிடித்தவளாக இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டுத் தொலைக்கலாம். அவளோ, "அக்கா, இந்தாங்க, தொடைத் துண்டு. உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டினாள். சவுரியம்மாள் மனசுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டே தின்றாள். கறி ருசியாக வேறு இருந்துதொலைத்தது. அதைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து ஜெபமாலை உருட்டும்போது நடுநடுவே, "மாதாவே, அந்தப் பீப்பா நாசமாப் போவணும்" என்று ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம், திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், பட்டப்பகலில் பீப்பாய் பற்றிக்கொண்டது. மேலே இருந்த கீற்றுக் கொட்டகையும் சேர்ந்து எரிந்தது. தெருவே குடமும் கையுமாக ஓடியது. எல்லாரையும்விட அதிகம் தண்ணீர் ஊற்றியவள் சவுரியம்மாள்தான். ஊற்றிக்கொண்டே, 'எரியட்டும், நல்லா எரியட்டும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். அணைத்த பிறகு பார்த்தால், பீப்பாயின் அடித்தகடு ஓட்டையாகியிருந்தது. மூடி வளைந்து கிடந்தது. கறி கரிக்கட்டை.

"கண்ணு பட்டுடுச்சுடி" என்றார்கள் தெருப் பெண்கள். சவுரியம்மாளுக்குத் திக்கென்றது. இந்தத் தெருவில் அவளை விட்டால் வேறு யார் கண்? பயந்தாள், அதைவிட அதிகமாக, யாருக்கும் தெரியாமல், பூரித்துப் போனாள். அதட்டு வாங்கியே பழகினவளுக்கு இப்படி ஒரு பலம் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

அந்தோணிசாமி பீப்பாயைச் சுரண்டிக் கழுவி, ஓட்டைக்குத் தகரம் வைத்து அடித்து, களிமண் பூசிக் காயவைத்தான். திரும்பவும் கறியைத் தொங்கவிடும் முன் திருஷ்டி கழித்தே ஆகவேண்டும் என்று சலேத்தம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காலடி மண் எடுத்தாள். கிருஷ்ணவேணியின் மண், எதிர்வீட்டுப் பூமாலையின் மண், எப்போதோ ஒரு தடவை எட்டிப் பார்த்த குப்பம்மாளின் மண்கூட முறத்தில் ஏறியது. தன் முறை வந்தால் எப்படிச் சண்டை பிடிப்பது என்று சவுரியம்மாள் வாசலில் தயாராக நின்றாள். சலேத்தம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

"இன்னா சலேத்து, என் வாசல்ல மட்டும் மண்ணு இல்லியா?"

"ஐய, உங்களுது எதுக்குக்கா? கண்ணு வெக்கிற ஆளா நீங்க? குடுத்தத தின்னுட்டுப் போற வெள்ளந்தி!"

வெள்ளந்தியாம்! சவுரியம்மாளுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து தன் குதிகாலடி மண்ணைக் கைநிறைய அள்ளினாள். பின்னாலேயே போய், பீப்பாயைச் சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கி, முறத்தில் கொட்டினாள்.

"இதையும் சேத்துப் போடு. போன திருவிழாவுலேர்ந்து எனக்குத்தான் வயிறு எரிஞ்சிகினு இருக்குது. உன் பீப்பா நாசமாப் போவணும்னு வேண்டிக்கினவ நான்தான்!"

சலேத்தம்மாள் மண்ணோடு உப்பையும் மிளகாயையும் சேர்த்து, பீப்பாயை மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே நெருப்பில் கொட்டினாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது. அடித்து இருமல் வந்தால் யார் கண்ணும் படவில்லை. இது ஊருக்கே தெரிந்த கணக்கு. 'வரக்கூடாது, நெடி வரவே கூடாது' என்று சவுரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் பூமாலை இருமினாள். பிறகு குப்பம்மாள். பிறகு தெருவே இருமியது. எல்லாரையும்விடப் பலமாக இருமியவள் சவுரியம்மாள்.

சலேத்தம்மாள் ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள். "பாத்தீங்களாக்கா? உங்களால ஒண்ணும் இல்ல. கொழுப்பு சொட்டித்தான் பத்திக்கிச்சு. நீங்க பேஜாராவாதீங்க. இந்த வாட்டியும் தொடைத் துண்டு உங்களுக்குத்தான்."

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மிளகாய் நெடி என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.