சமையலறை ஸ்விட்ச்

இது நடந்தது. சந்தவாசல் எலக்ட்ரீஷியன் கலையரசனைக் கேட்டால் நடக்கவே இல்லை என்பான். அதனாலேயே நம்பலாம். "பேயின்னு ஒண்ணு கெடையாது. இருந்தாலும், ஒழுங்கா எர்த் குடுத்தா அடங்கிடும்" என்று சிரிக்காமல் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அவன்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஜீவானந்தம் வீட்டுப் பழைய ஹீட்டரைக் கழற்றச் சொல்லி ஆரணியிலிருந்து போன் செய்தது அவர் மகள் அபிநயா. அம்மா ஈஸ்வரி போய் ஆறு மாசம். தனியாகக் கிடக்கும் அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளப் பார்க்கிறாளாம். அந்த ஹீட்டர் இருக்கும்வரை அவர் மலையிறங்க மாட்டாராம்.

கலையரசன் போய் நின்றபோது பெரியவர் தடுக்கவில்லை. குளியலறை வாசலில் நின்று ஹீட்டரையே பார்த்தார். அதன் ஸ்விட்ச் இருப்பது சமையலறையில். அவர் உள்ளிருந்து "போதும் ஈஸ்வரி" என்பார், அவள் அணைப்பாள், அப்புறம்தான் தண்ணீரைத் தொடுவார். ஷாக் அடித்துவிடும் என்று அவளுக்கு அவ்வளவு பயம். இப்போதும் சொல்லிவிட்டுத்தான் குளிக்கிறேன் என்றார்.

"இப்ப யாரு பெரியப்பா அணைக்கிறாங்க?"

"அவதான்."

"ஸ்விட்சுக்குக் காது வெச்சிருக்கீங்களா? நான் வேஸ்ட்டா டெஸ்டர் வெச்சிக்கினு சுத்தறேன்."

அவர் சிரிக்கவில்லை. "இத எடுத்துட்டா அவளுக்கு இந்த வூட்ல இன்னா வேலை தம்பி?" என்றார்.

கலையரசன் வேலையில் சுத்தம். மெயினை அணைத்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான், எரியவில்லை. ஒயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றினான். தண்ணீர் வால்வை மூடினான். ஹீட்டர் டாங்கியில் நின்ற தண்ணீரை வடிக்கக் குழாயைக் கழற்றி, கீழே பக்கெட்டை வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே மத்தியானப் பனிமூட்டம். சுவரெல்லாம் சில்லென்று இருந்தது...

தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது.

அப்புறம் சுட்டது. கையை இழுத்துக்கொண்டான். டாங்கிக்குள் ஸ்ஸ்ஸ்... என்று காயும் சத்தம்.

ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கழற்றிய ஒயர் அவன் காலடியில் கிடந்தது.

பக்கெட் நிரம்பியது. வழிந்தது. இன்னும் வந்தது... அந்த டாங்கி கொள்ளாத தண்ணீர். ஆவியில் கதவே தெரியவில்லை.

"பெரியப்பா..."

"சொல்லு தம்பி" என்றது வெளியிலிருந்து குரல். "நீ சொல்லாம அவ அணைக்க மாட்டா."

அவன் ஆவிக்குள் கதவைத் துழாவினான்.

பெரியவர்தான் சொன்னார். மெதுவாக.

"போதும் ஈஸ்வரி. இனிமே வாணாம். நான் பொண்ணுகூட போறேன்."

சமையலறையில்...

டக்.

தண்ணீர் நின்றது. விளக்கு அணைந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் கேட்டதெல்லாம் ஒரு கிழவர் அழும் சத்தம்தான்.

ஹீட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு எப்படி மலையிறங்கினான் என்பது கலையரசனுக்கே ஞாபகமில்லை. சந்தவாசலில் டாங்கியைப் பிரித்தான். உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் இரண்டாக அறுந்து, அறுந்த முனைகளில் உப்புப் பூத்திருந்தது. இன்று நேற்று அறுந்ததல்ல. அபிநயாவுக்குப் போன் போட்டான்.

"அது அம்மா செத்த அன்னிக்கே கெட்டுப்போச்சிங்க" என்றாள். "அப்பா மட்டும் தெனம் சுடுதண்ணியிலதான் குளிச்சேன்னு சொல்லுவாரு. புத்தி கலங்கிடுச்சோன்னு பயந்துதான் கழட்டச் சொன்னேன்."

மறுநாள் காலை. கலையரசன் வீட்டில் வேறு யாருமில்லை. தன் ஹீட்டரைத் தானே அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனான். சொம்பைப் பக்கெட்டில் விடுமுன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"போதும்" என்றான், தனக்கே கேட்காத குரலில்.