ஐந்து மணி விளம்பரத்தில் செல்வியின் பெயர்

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் செல்வியைக் காணவில்லை. கர்த்தருக்குள் பிரியமானவர்களே, அன்றைக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

தஞ்சாவூரில் ஒரு எஃப்.எம். ரேடியோவில் விளம்பரம் பிடிக்கும் டீமுக்கு நான் சூப்பர்வைசர். என் வாய்க்குப் பயந்தே பிள்ளைகள் ஓடி ஓடி வேலை செய்வார்கள். செல்வி அவர்களில் ஒருத்தி. கைக்குழந்தைக்காரி. புருஷன் சிங்கப்பூரில். அன்று காலை திருவிடைமருதூர் பக்கம் கடைகளைப் பார்க்க ஸ்கூட்டியில் போனாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் அவள் மாமியார் போன் செய்தார்.

"மேடம், மதியமே வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு. போனும் போவல. புள்ள பாலுக்கு அழுவுது. எம் மருமவ எங்க மேடம்?"

பின்னால் குழந்தை வீறிட்டது. அவள் போன கடைகளுக்கெல்லாம் பேசினோம். "அப்பவே கிளம்பிட்டாங்களே" என்றார்கள். போலீசுக்கும் சொன்னோம். பாதி ரோட்டில் தண்ணீர் என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே போய் மண்டியிட்டேன். பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்குத் தாயைக் குடுங்க. செல்வியக் குடுங்க." அவ்வளவுதான்.

அழுதுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஆடுதுறைப் பக்கத்து உரக்கடைக்காரர். தன் விளம்பரம் ஒழுங்காக வருகிறதா என்று தினமும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பவர். ஒரு தடவை விட்டுப்போனாலும் என்னைக் காய்ச்சி எடுத்துவிடுவார்.

"என்னம்மா, அஞ்சு மணி விளம்பரம் வருமா, வராதா? கரண்டு இல்லாம பேட்டரி போட்டுட்டு உக்காந்துருக்கேன்!"

மற்ற நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அன்று நெஞ்சில் சுளீரென்று பட்டது. செல்வி போன ரோடு முழுக்க நமக்கு விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள் இப்படித்தானே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்! அந்த யோசனை என்னுடையதே அல்ல. ஸ்டுடியோவுக்கு ஓடினேன். ஐந்து மணிக்கு எல்லா விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு, செல்வியின் பெயர், பச்சை சுடிதார், ஸ்கூட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னோம்.

மழைக்கு உரக்கடையில் ஒதுங்கி நின்ற விவசாயி ஒருவர் அதைக் கேட்டு, ரோட்டில் தண்ணீர் என்று ஒரு பச்சை சுடிதார் பெண் வாய்க்கால் கரையோரம் வண்டியைத் திருப்பியதைப் பார்த்தேன் என்றிருக்கிறார். கடைக்காரர் டிராக்டரை எடுத்துக்கொண்டு ஆட்களோடு போனார். இருட்டும் நேரத்தில் அவரிடமிருந்தே போன் வந்தது.

"கெடச்சுட்டாங்கம்மா! வாய்க்கால்ல சரிஞ்சு கால் வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. நெஞ்சளவு தண்ணி. கோரையப் புடிச்சிக்கிட்டே கெடந்துருக்காங்க. உசுருக்கு ஒண்ணுமில்லம்மா!"

அந்த மனுஷன் போனிலேயே தேம்பி அழுதார்.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்வி சொன்னாள்: "கத்திக் கத்தித் தொண்டையே போயிருச்சுக்கா. யாருக்குமே கேக்கலன்னு நெனச்சேன்."

"ஒருத்தருக்குக் கேட்டுச்சும்மா" என்றேன். குழந்தையின் தலையில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போதெல்லாம் டீம் வெளியே கிளம்புமுன் ஒவ்வொருவருக்காகவும் ஜெபிக்கிறேன். என் வாயும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆபீஸில் அதைத்தான் பெரிய அற்புதம் என்கிறார்கள்.

இங்கே யாராவது ஒருவருக்காகத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? ஜெபம் வரவில்லை என்று கலங்காதீர்கள். அவர்களின் பெயரை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.