தாபோடிக்காரி நின்ற தேர்தல்

மராத்தி ஊரான தாபோடியில் பிறந்து தாபோடியிலேயே வாக்கப்பட்ட ஜான்சிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்த அப்பா பிள்ளைகளை மராத்திப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாமாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தே முப்பது வயது வரை ஓட்டிவிட்டாள். மகள் ரோஹிணி பிறந்து வேலைக்குப் போகாமல் இருந்த காலத்தில்தான் போனைப் பார்த்து எழுத்துப் பழகினாள். பழகியதை எங்கே படிப்பது என்று தேடியபோது கிடைத்தது ஏட்டகம்.

ஏட்டகம் ஓர் இணையதளம். பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் ஏற்றியிருப்பார்கள். அதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்துச் சேர்ப்பது தன்னார்வலர்களின் வேலை. சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. ஜான்சி அங்கே வைத்துக்கொண்ட பெயர் ‘தாபோடிக்காரி’. ஆரம்பத்தில் ஒரு பக்கத்தை முடிக்க ஒரு மாலை போகும். பிறகு விஷ்ராந்த்வாடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேஜை வேலைக்குப் போனாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே நான்கைந்து பக்கம் பார்த்துவிடும் அளவுக்குத் தேறினாள்.

சண்டையைத் தீர்ப்பதில் அவளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. இரண்டு பேர் நாள்கணக்கில் வார்த்தையால் அடித்துக்கொள்ளும் இடத்தில் போய், “முதல்ல ரெண்டு பேரும் எந்தப் பக்கத்த பத்தி பேசுறீங்கன்னு சொல்லுங்க” என்று பேச்சுத் தமிழிலேயே ஒரு வரி எழுதுவாள். பாதிச் சண்டை அங்கேயே இறங்கிவிடும். அதனால்தான் இணக்கக் குழுவில் ஓர் இடம் காலியானபோது ஸ்ரீவித்யா அவளை விடவில்லை.

ஸ்ரீவித்யா கோயம்புத்தூர்ப் பெண். ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் வேலை. ஏட்டகத்தில் பழகி, ஒரே ஊரில் இருப்பது தெரிந்து, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நெருங்கியிருந்தாள்.

“நில்லுங்க்கா. உங்கள விட்டா அங்க யாருங்க்கா ரெண்டு பக்கமும் கேக்கறாங்க?”

“எனக்கு எழுத்தே ஒழுங்கா வராதுட்டி.”

“அத நான் பாத்துக்கறேன்க்கா.”

இணக்கக் குழு என்பது ஏட்டகத்தின் பஞ்சாயத்து மாதிரி. யாரைத் தடை செய்வது, யாரைத் திரும்பச் சேர்ப்பது என்று அவர்கள் சொன்னால் அதுதான் முடிவு. தேர்தலில் முதல் வாரம் கேள்வி, மறு வாரம் வாக்கு. எல்லாம் பொதுவில், எல்லோர் கண்முன்னும்.

அந்தச் சமயத்தில் ஏட்டகம் ஜம்பு விவகாரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ஜம்பு திருச்சிக்காரர், கெட்டிக்காரர், கோபக்காரர். பழைய புத்தகத்தின் எழுத்துமுறையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்பவர். மாற்றியவர்களை ஏசியதற்காக மூன்று மாதத் தடையில் இருந்தார். அவருடைய ஆட்கள் நின்ற எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஜெயித்தால் ஜம்புவின் தடையை நீக்குவீர்களா?

மற்றவர்கள் வழவழவென்று ஏதோ எழுதினார்கள். ஜான்சி எழுதினாள்: “ரெண்டு தரப்பையும் கேக்காம இப்பவே வாக்குறுதி குடுக்க மாட்டேன்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அவள் எழுதிய பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டார்கள். “ஒற்று எங்கே மிகும் என்று தெரியாதவருக்குக் குற்றம் யார் பக்கம் மிகும் என்று எப்படித் தெரியும்?” என்று ஒருவர் எழுதியதற்குக் கைதட்டல் குவிந்தது. ஜான்சி அதை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். எதிரே ஒரு கிழவர் ரசீதை நீட்டியபடி, “மேடம், ரிப்போர்ட் கப் மிலேகா?” என்று, எப்போது கிடைக்கும் என இரண்டாம் தடவை கேட்டது அவள் காதில் விழவில்லை.

வாக்கு தொடங்கியது. தோற்பது போலத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்த ரோஹிணி போன் செய்தாள். “அம்மா, வாசல்ல ரெண்டு பையனுங்க பைக்ல வந்து கேட்டை வீடியோ எடுக்கானுங்க. ‘தாபோடிக்காரி கா கர் யஹீ ஹை க்யா’ன்னு, உன் வீடு இதுதானான்னு கேக்கானுங்க.”

“கதவைத் தெறக்காத. உள்ளயே இரு. அப்பாவுக்குப் போன் போடுதேன்.”

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள். வழியில்தான் பார்த்தாள். புதிதாக முளைத்த ஒரு பெயரில் யாரோ தேர்தல் பக்கத்தில் அவளுடைய முழுப்பெயர், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள். “வாசலில் போய்க் கேளுங்கள்” என்று ஒரு வரி. கூடவே வீட்டு கேட்டின் படம். நிர்வாகிகள் அதை எடுத்துவிட்டார்கள் என்றாலும் அதற்குள் அது பல கை மாறியிருந்தது.

வீட்டில் கணவன் சுனில் சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றான். பையன்கள் போய்விட்டிருந்தார்கள். ரோஹிணி கட்டில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏளா, இதெல்லாம் நமக்குத் தேவையா? வயசுப்பிள்ள தனியா இருக்க வீடு. சோட் தோ நா, விட்டுரு அத!”

ஜான்சி ரோஹிணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போன் விடாமல் அடித்தது. தேர்தல் பொறுப்பாளர் கோவிந்தராஜன் சென்னையிலிருந்து பேசினார். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா. இது ஜம்பு ஆளுங்க வேலைன்னு எல்லாருக்கும் தெரியுது. நாளைக்குச் சாயங்காலம் குழு கூடுது. அவரை நிரந்தரமா எடுத்துடப் போறோம்.”

அவளுக்கு ஆதரவாக வாக்குகள் மளமளவென்று விழுந்தன. நேற்று வரை எதிர்த்தவர்கள்கூட வெட்கப்பட்டு மாற்றிப் போட்டார்கள். ஸ்ரீவித்யாவிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, ஜெயிச்சிட்டோம்!”

சுனிலின் தம்பி அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தான். ஜான்சி அந்தப் படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். கேட், அதன் மேல் காகித நட்சத்திரம். இடது ஓரத்தில், வெட்டப்பட்ட இடத்தில், மஞ்சள் முந்தானையின் ஒரு நுனி. கிறிஸ்துமஸுக்கு அவள் கட்டிய சேலை. சிரித்துக்கொண்டு அவள் நின்றதும், எதிரே போனைப் பிடித்துக்கொண்டு “இன்னும் கொஞ்சம் இப்பிடி வாங்க்கா” என்று ஸ்ரீவித்யா சொன்னதும் நினைவுக்கு வந்தன. அந்தப் படம் வேறு யாரிடமும் கிடையாது.

சுனிலிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அப்போதே ஹிஞ்சேவாடிக்குக் கிளம்பிவிடுவான்.

மறுநாள் காலை அவளே போனாள். சனிக்கிழமை என்றும் பாராமல் சாலை முழுக்கக் கம்பெனி வண்டிகள் நின்று நின்று ஊர்ந்தன. ஸ்ரீவித்யாவின் குடியிருப்புக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு அவளை வரச்சொல்லி, போனைத் திறந்து படத்தை அவள் முன்னால் வைத்தாள். ஸ்ரீவித்யா அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“நீங்க தோத்துருவீங்கன்னு பயமாயிருச்சுங்க்கா. அவனுக பேசினது தாங்க முடியல. பழி அவனுக மேல போகட்டும்னு போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்க, யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“வந்தானுங்கட்டி. ரோஹிணி தனியா இருந்தா.”

ஸ்ரீவித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுக்குத் தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஜான்சிக்கு இரக்கம் வரவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலத்தான் இருந்தது.

“சாயங்காலம் அந்த மனுஷன ஒரேயடியாத் தூக்கப் போறாங்க. நீயே போய்ச் சொல்லிரு.”

“அங்க நான் சொந்தப் பேர்ல இருக்கேன்க்கா. ஆபீஸ்ல தெரிஞ்சா வேல போயிரும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்ப விட்ருங்க்கா. ஜெயிச்சு குழுவுக்குப் போனதும் நீங்களே அவர் தடையை எடுத்துருங்க. யாருக்கும் நஷ்டமில்ல.”

அப்படிச் செய்யலாம்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் ஜான்சி புரட்டிக்கொண்டு வந்தாள். இவளும் தப்பிப்பாள், ஜம்புவும் திரும்புவார், தானும் ஜெயிக்கலாம். பொய் மட்டும் உள்ளே கிடக்கும். அதை அடியில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்து நாளைக்கு இரண்டு பேருக்கு நியாயம் சொல்ல வேண்டும்.

மத்தியானம் வரை காத்திருந்தாள். ஸ்ரீவித்யா எழுதவில்லை. குழு கூடுகிற நேரம் நெருங்கியது. “நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். இன்னும் நேரம் இருக்கு” என்று செய்தி அனுப்பினாள். படித்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை.

அப்புறம் ஜான்சி எழுதினாள். படத்தை எடுத்தவர் யார் என்பதைக் குழுவுக்கு மட்டும் தனியாக அனுப்பினாள். பொதுப்பக்கத்தில் இவ்வளவே: “என் முகவரிய போட்டது ஜம்பு இல்ல, அவர் ஆட்களும் இல்ல. என் தரப்பு ஆள். எனக்கு தெரியாம நடந்தது. இதுக்காக எனக்கு வாக்கு போட்டவங்க மாத்திக்கலாம்.”

மாற்றிக்கொண்டார்கள். “நாடகத்தை நடத்திவிட்டு இப்போது நல்லவள் வேஷமா” என்றும் எழுதினார்கள். ஜம்புவை நிரந்தரமாக நீக்கும் பேச்சு நின்றது. ஸ்ரீவித்யாவுக்கு ஒரு வருடத் தடை விழுந்தது. காரணத்தைக் குழு வெளியே சொல்லவில்லை. ஜான்சி கொஞ்சம் வாக்கில் தோற்றாள்.

ஜம்புவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: “உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு வாக்கு இருந்திருந்தாலும் உங்களுக்குப் போட்டிருக்க மாட்டேன்.” அந்த வாரத்தில் ஜான்சி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்ரீவித்யா வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒரு செய்தி: “மேல்முறையீடு எப்படி எழுதறதுன்னு சொல்லித் தருவீங்களாக்கா?”

மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவில் இருந்திருந்தால் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா” என்று பதில் போட்டாள்.

வந்தாள். சுனில் அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினான். ஸ்ரீவித்யா எழுதி எடுத்து வந்திருந்ததை ஜான்சி போனில் வாங்கிப் படித்தாள். ‘நான் செய்தது தவறுதான், ஆனால்’ என்று தொடங்கி நீளமாகப் போனது.

“அந்த ‘ஆனால்’ல இருந்து கீழ உள்ள எல்லாத்தையும் அழி.”

ஸ்ரீவித்யா அழித்தாள். மூன்று வார்த்தைதான் மிஞ்சியது.

“மிச்சத்த அப்புறம் எழுதுவோம். முதல்ல உள்ள போ. ரோஹிணி இருக்கா. அவகிட்ட நீயே சொல்லு.”

ஸ்ரீவித்யா எழுந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு தட்டினாள்.