வஞ்சியூர் வாசகி

என் முதல் சிறுகதைத் தொகுப்பு சென்னையில் அச்சாகி வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கரமனையில் வாடகை வீடு. புத்தகத்தின் பின்னட்டையில் என் புகைப்படம் இருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிற மாதிரி. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது.

சென்னையில் எழுத்தாளர்கள் கடை கடையாகப் போய்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அந்த ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடுவதற்கு முதலில் கடையில் புத்தகம் இருக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் பிறகுதான் உறைத்தது. செகரட்டேரியட் பக்கத்தில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து, சட்டைப் பையில் பேனா தெரிகிற மாதிரி நின்று விசாரித்தேன். "தமிழ் புஸ்தகம் இவிடெ எடுக்காறில்ல, சாரே" என்றார் அங்கிருந்தவர். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

மிஞ்சியது ஆரியசாலையில் ஒரே ஒரு கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்தினார். நோட்டு, பஞ்சாங்கம், தமிழ் வார இதழ்கள்தான் அங்கே முக்கிய வியாபாரம். ஓர் அலமாரியில் கொஞ்சம் நாவல்களும் இருந்தன. ஒரு புத்தகத்தை யாராவது இரண்டு மூன்று தடவை வந்து கேட்டால்தான் அவர் சென்னைக்குக் கடிதம் போட்டு வரவழைப்பார். ஆகவே கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நான் போனால் பின்னட்டைப் படம் பிறகு காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகத்தில் யாரிடமாவது சொன்னால் ஊர் சிரிக்கும். என் மனைவியைப் போகச் சொன்னேன்.

அவள் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் பேசுவாளே தவிர எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. இந்த ஊரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்படித்தான். அவளை உட்கார வைத்துப் புத்தகத்தின் பெயரை நெட்டுருப் போட வைத்தேன்.

"எனக்கு வய்யா, முடியாது. பொய் சொன்னா என் முகத்துல தெரியும்" என்றாள்.

"புஸ்தகம் இருக்கான்னு கேக்குறது பொய்யா?"

"படிக்கத் தெரியாதவ கேட்டா அது பொய்தானே?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இப்படி ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை போய்வந்தாள். வீடு எங்கே என்று அண்ணாச்சி கேட்டதற்கு, கரமனையைச் சொல்லாமல் ஊரின் இன்னொரு பக்கத்து வஞ்சியூரைச் சொல்லிவிட்டாளாம். கெட்டிக்காரி என்று பாராட்டினேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

திட்டம் பலித்தது. அண்ணாச்சி பத்துப் பிரதிகள் வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏதோ அந்தப் பக்கம் வந்தவன் போலக் கடைக்குள் நுழைந்தேன். பின்னட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிர்க்கடையிலிருந்து சாயா வந்தது.

"புஸ்தகம் எழுதுன ஒருத்தர் நம்ம கடையில வந்து உக்காருறது இதுதான் முதல் தடவ சார்" என்றார்.

ஒன்பது பிரதிகளில் கையெழுத்துப் போட்டேன். பத்தாவதை அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தார். பழைய காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டிருந்தார்.

"இது விக்கிறதுக்கில்ல சார். வஞ்சியூர்ல இருந்து ஒரு அம்மா, வேகாத வெயில்ல மூணு தடவ வந்து உங்க புஸ்தகத்தக் கேட்டாவ. இல்லன்னு சொல்லும்போதெல்லாம் முகம் செவந்து போயிரும். பாக்க எனக்கே சங்கடமா இருக்கும். அவ்வளவு ஆச! அவுகளுக்கு இத நான் சும்மா குடுக்கப்போறேன். நீங்க ரெண்டு வரி நல்லதா எழுதிக் குடுங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று, சாயாவும் குடித்தாயிற்று. பேனாவைத் திறந்து 'அன்புச் சகோதரிக்கு' என்று எழுதினேன். பெண் வாசகர்களுக்கு அப்படி எழுதுவதுதான் அப்போதெல்லாம் மரியாதை. கீழே, 'உங்களைப் போன்ற வாசகர்களே என் பலம்' என்று இன்னொரு வரி. எழுத்து அழகாகவே விழுந்தது. அதை நினைத்துத்தான் இன்றும் கூசுகிறேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவையே தவிர்த்தேன். அண்ணாச்சி விடவில்லை. பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் எங்கே கண்டாலும் கூப்பிட்டு நிறுத்துவார். "அந்த அம்மா இன்னும் வரல சார். மேலுக்குச் சரியில்லையோ என்னமோ." ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வஞ்சியூருக்கே போயிருக்கிறார். கோர்ட்டுப் பக்கம் இரண்டு தமிழ் வீடுகளில் விசாரித்தாராம். இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தது.

"நீ போய் வாங்கிட்டு வந்துரு. ஒரு நிமிஷ வேல" என்றேன் மனைவியிடம்.

"நீங்க போய்ச் சொல்லுங்க, அது என் பெண்டாட்டிதான்னு."

"இனிமே எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் மட்டும் எப்படிப் போறது?"

பதில் இல்லாதபோது நான் சத்தம் போடுவேன். போட்டேன். மறுநாள் அவள் போனாள்.

அரை மணி நேரத்தில் திரும்பியிருக்க வேண்டியவள், இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். குடையை மூலையில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். புத்தகம் மடியில் இருந்தது.

"சார் உங்களுக்கு என்ன எழுதியிருக்காரு, வாசிங்கம்மான்னு அண்ணாச்சி நீட்டினாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். நான் யாருன்னும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அவள் அங்கே எப்படி நின்றாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஸ்டூல் எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னாரு. நீங்க எழுதியிருந்ததப் படிச்சாரு, சகோதரிக்குன்னு. பிறகு முதல் கதைய எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. பேப்பர் வாங்க வந்தவங்களையும் நிக்கச் சொல்லிட்டு வாசிச்சாரு."

அவள் அடுக்களையில் நடமாடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துதான் அத்தனை கதைகளையும் எழுதினேன். கல்யாணமான எட்டு வருஷத்தில் ஒன்றைக்கூட அவளுக்கு வாசித்துக் காட்டியதில்லை. அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் அவளை நினைக்கவே இல்லை.

"அந்தக் கதையில வர்ற பொம்பள நான்தானே?" என்றாள்.

முதல் கதை ஒரு குமாஸ்தாவின் மனைவியைப் பற்றியது. புருஷன் எழுதி வைத்த தாளில் கருவாட்டைப் பொதிந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறவள். கடைசிப் பக்கத்தில் தெருவே அவளைப் பார்த்துச் சிரிக்கும். பத்திரிகையில் வந்தபோது நல்ல தமாஷ் என்று பலர் எழுதியிருந்தார்கள். என் மனைவி ஒருநாளும் என் தாளைத் தொட்டதில்லை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அது நான்தான்னு அண்ணாச்சிக்கும் மனசிலாயிட்டு. பாதியில குரல் இறங்கிப் போச்சு. கதை இவ்வளவுதாம்மான்னு சொல்லிப் புஸ்தகத்த மூடினாரு. ஆனா இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. நான் தாளப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து அடையாளம் பிடித்திருந்த அந்தப் பக்கத்தை என் முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிப் போனேன்.