பகலில் திறந்த ஜன்னல்கள்

எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் அக்கா குடிவந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜூனில் எனக்கு ஜெர்மன் மொழித் தேர்வு. தேறினால் அங்கே மேற்படிப்பு. தினமும் காலையில் அவர் எனக்கு ஜெர்மன் சொல்லித் தருவார், நான் அவருக்குத் தமிழ். எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்க அலைந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்குமா?

சித்திரை பிறந்ததும் அக்கா வெயிலில் வாடிப்போனார். "ராத்திரி தூக்கமே இல்ல. நான் ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கிழம டிக்கெட்," என்றார். அதுவரை அவர் பேசியதிலேயே பிழையில்லாத தமிழ் அதுதான். பாராட்டத்தான் மனம் வரவில்லை.

கீழே ஓடிவந்து அம்மாவிடம் புலம்பினேன்.

"ரூமு வேகாம என்ன பண்ணும்? மட்ட மத்தியானத்துல அந்தப் பொண்ணு அத்தன ஜன்னலயும் தொறந்து வச்சிக்கினு இருக்குது. சாயந்திரம் காத்து வர்ற நேரம் பாத்து எல்லாத்தையும் சாத்திக்குது."

"இத ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல?"

"அவங்க ஊரு பழக்கமாக்கும்னு இருந்துட்டேன். நீதான தெனம் மேல போற, உனுக்குக் கண்ணு இல்லியா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிற நாட்டாரின் பழக்கத்தைத் துருவிக் கேட்கக்கூடாது என்று எங்கோ படித்த மேதாவித்தனம் வேறு!

மறுநாள் பத்து மணிக்கு அம்மா மாடியேறி, மளமளவென்று ஜன்னல்களைச் சாத்தினார். அக்கா திகைத்தார். அவர் ஊரில் வெயில் வந்தால் ஜன்னலைத் திறந்து வரவேற்பார்களாம். ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். "ஜாஸ்தியா ஊத்துடி, கம்மியா ஊத்துனா ஆவியா பூடும்," என்று அம்மா விரட்டினார். பிறகு ஜன்னல், வாசற்கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் பக்கத்து வீட்டு அத்தை நுங்கோடு நுழைந்தார்.

"கதவு தொறந்திருந்துச்சா, அதான் வந்தேன். எப்பவும் சாத்தியே கெடக்குமா, யாரையும் புடிக்காது போலன்னு இருந்தோம். கல்யாணம் ஆயிடிச்சாம்மா? சம்பளம் எவ்ளோ?"

அக்கா என் காதருகே குனிந்தார். "பதில் சொல்லணுமா?"

"வேணாங்க்கா. திருப்பிக் கேளுங்க, போதும்."

"அத்த, உங்க சம்பளம் எவ்ளோ?"

அத்தை சிரித்த சிரிப்பில் நுங்கு கைநழுவியது. "வீட்டு வேலைக்கு எவன்மா சம்பளம் தரான்? நீயாவது கேட்டியே!"

சனிக்கிழமை காலை வெகுநேரம் தட்டிய பிறகே அக்கா கதவைத் திறந்தார். கலைந்த தலை, கன்னத்தில் பாய்த் தடம். "எட்டு மணி நேரம் தூங்கினேன்!" என்று கூவிவிட்டு, கைபேசியை நீட்டினார். டிக்கெட்டை ரத்து செய்திருந்தார்.

"திங்கக்கிழம உனக்கு டெஸ்ட்," என்றார்.

ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன், அம்மாவிடம் சொல்ல.