ஒன்பதாம் அறையும் சுவரக்காவும்

இடது தோளைச் சுவரில் தேய்த்தபடி நடந்துகொண்டிருக்கிறார் சுவரக்கா. சுவர் கணினித் திரைக்குள் இருக்கிறது. ஒரு மண்டபத்தின் நான்கு பக்கத்தையும் இப்படி மூலைமுடுக்கு விடாமல் உரசி முடிக்க அவருக்கு ஐம்பது நிமிடம் ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆள் நுழைகிற இடைவெளி எங்காவது இருந்தால் நின்றுவிடுவார். "இங்க ஒரு ஓட்ட. இதுக்குள்ள பூந்தா அந்தப் பக்கம் ஆகாயத்துல விழணும்," என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார். குறை சொல்கிறவரின் குரல் அல்ல அது. தொலைந்துபோன கம்மல் அகப்பட்டவரின் குரல்.

எங்களுடையது ஒன்பது பேர் வேலை பார்க்கும் வீடியோ கேம் நிறுவனம். கண்ணாடி வெட்டுகிற கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. மூன்று வருடமாக ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். பாதி இடிந்து கிடக்கும் ஒரு பழங்கால நகரம். அதற்குள் நடப்பவர் நீங்கள்தான். உங்கள் முகம் தெரியாது. உங்கள் கண்ணுக்குப் படுவதும் உங்கள் இரண்டு கைகளும் மட்டும் திரையில் தெரியும். கத்தி, துப்பாக்கி கிடையாது. துரத்துகிறவர்களும் கிடையாது. கல், கயிறு, தண்ணீர், எடை, அவ்வளவுதான். தராசின் ஒரு தட்டில் பாரத்தை ஏற்றினால் எதிரே கதவு தூக்கிக்கொள்ளும். மதகைத் திறந்தால் கட்டை மிதந்து வந்து பாலமாகும். மண்டையை உடைத்துக்கொண்டு பன்னிரண்டு அறைகளைத் தாண்ட வேண்டும். அதற்கு ஒலி சேர்ப்பவன் நான். மொட்டைமாடியில் சிமெண்டுக் கல்லை இழுத்துப் பதிவு செய்து, அதை ஆயிரம் வருடத்துக் கதவாக மாற்றுவது என் பிழைப்பு. கீழே கண்ணாடி கிறீச்சிட்டால் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

சுவரக்கா என் பக்கத்து மேஜை. வயது நாற்பத்தாறு. இதற்கு முன்னால் பதினொரு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைச் சரிபார்த்தவர். 'விளையாடவே தெரியாதவர்கள் இரண்டு நாளைக்குத் தேவை' என்று நாங்கள் ஒருமுறை விளம்பரம் கொடுத்தோம். வந்தார். இரண்டு நாளில் நாற்பத்தொரு பிழையைப் பிடித்தார். நாங்கள் அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை, ஆறு வருடமாகிறது. "பட்டன் இருக்கான்னு கேட்டா எல்லாரும் பாத்துட்டு இருக்குன்னு சொல்லுவாங்க. நான் இழுத்துப் பாத்துட்டுதான் சொல்லுவேன்," என்பார்.

பிழைகளை அவர் எழுதிவைக்கும் விதமே தனி. 'கல்லு காத்துல நிக்குது. வெக்கமே இல்லாம நிக்குது.' 'கயிறு அறுந்து ரொம்ப நேரம் ஆச்சு. வாளிக்கு இன்னும் தகவல் போகல.' இப்படிச் சிலதை அச்செடுத்துத் தண்ணீர்க் குடுவைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறோம். திரையில் உருளும் கல்லிடம் பேசுவார். "வா கண்ணு, மெதுவா, மெதுவா... அட, எங்க ஓடறே?" எதிர்ப்பக்க மேஜைக்காரர் அதைக் கேட்டு நெளிவார். எது எப்போது விழ வேண்டும், எவ்வளவு வேகத்தில் உருள வேண்டும் என்று நிரல் எழுதுபவர் அவர்தான். ஆகவே அவருக்கு ஈர்ப்பு என்று பெயர். நல்ல மனிதர். தன் கல் தன் சொல்லை மீறாது என்பதில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு.

விளையாட்டு வெளியாக மூன்று வாரம் இருந்தபோது ஒரு மத்தியானம் சுவரக்கா சொன்னார்: "ஒம்பதாவது ரூம்ல கதவு தானா சாத்திக்கிச்சு."

ஒன்பதாம் அறை எளிமையானது. வாசலுக்கு வெளியே தரையில் ஒரு கல்தட்டு. அதன்மேல் ஓர் உருண்டைக் கல்லை ஏற்றி வைத்தால் கதவு திறக்கும். கல் அங்கே இருக்கிறவரை திறந்தே இருக்கும். உள்ளே போய் ஒரு வெண்கலச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். சுவரக்கா உள்ளே இருந்தபோது கல் தட்டைவிட்டு உருண்டு, பக்கத்திலிருந்த பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டதாம். கதவு மூடிவிட்டது. அந்த நிலைமையை விளையாட்டும் தன் பாட்டுக்குச் சேமித்துவைத்துவிட்டது. இனி வெளியே வர வழியே இல்லை. ஏழு மணி நேரம் ஆடிவிட்டு அங்கே வந்து சேர்கிறவர் முதல் அறையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். தொடங்க மாட்டார், எங்களைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஈர்ப்பு இருபது தடவை கல்லை ஏற்றி, உள்ளே போய், சக்கரத்தோடு வெளியே வந்தார். கல் அசையவில்லை.

"அக்கா, அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நின்னேன்."

"சும்மாவா?"

"சும்மாதான் தம்பி."

பதினொரு நாள் இது ஓடியது. சுவரக்காவுக்கு மட்டும் இன்னும் இரண்டு முறை கதவு மூடியது. யாராவது பின்னால் வந்து நின்றால் மூடவில்லை. போகிற போக்கில் அக்காவே கல்லைத் தட்டிவிட்டிருப்பார் என்று ஒருவர் சொன்னார். அக்காவுக்கும் வயசாகிறது என்றார் இன்னொருவர். பதினோராம் நாள் இரண்டும் அவர் காதில் விழுந்தன. ஆறு வருடத்தில் அவர் சொன்ன ஒரு பிழையைக்கூட யாரும் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்கு அவர் கல்லிடம்கூடப் பேசவில்லை.

பக்கத்தில் இருப்பவன் என்பதால் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. நடுநடுவே அவர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். முகம் வெளுத்திருக்கும். தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை நான் மொட்டைமாடியில் கல்லிழுத்துக்கொண்டிருந்தபோது மேலே வந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இது உங்களோட இருக்கட்டும்."

ஒலிவாங்கியை நிறுத்தினேன்.

"ஒரு மாசமா தலை சுத்துது. அப்படியே எல்லாம் ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போற மாதிரி. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. மண்டைக்குள்ள கட்டின்னாங்க. மூணே மாசம். போயிட்டா."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் பஸ் ஓட்டறவர். இதச் சொன்னா அவர் கவனம் ரோட்டுல இருக்குமா?" தொட்டிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "சுத்தறப்ப கண்ண மூடிட்டு உக்காந்துடுவேன். தெளிஞ்சு கண்ணத் தெறந்தா கதவு சாத்தியிருக்கு. அது நிஜமாவே சாத்துதா, என் மண்டைக்குள்ள சாத்துதான்னு எனக்கே தெரியல அண்ணே."

வாயில் வந்ததைக் கேட்டேன்: "எவ்வளவு நேரம் கண்ண மூடியிருப்பீங்க?"

"அரை மணி இருக்கும்."

"வீட்ல சுத்துதா? பஸ்ல?"

"இல்லையே."

"மத்த அறைகள்ல?"

"ஒரு மாசமா நான் குடியிருக்கறதே ஒம்பதுலதானே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். விரல்விட்டு நாட்களை எண்ணினார். "போன வாரம் நாலாவது ரூம்ல ஒரு நாள் முழுக்க இருந்தேன். சுத்தல."

அந்த அறையில் அரை மணி நேரம் சும்மா இருந்தவர் எங்கள் ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான். ஈர்ப்பு இரண்டு நிமிடத்தில் உள்ளே போய் வெளியே வந்துவிடுவார். "இதை அவர்கிட்ட சொல்லிடுங்க," என்றேன்.

"சொன்னா, தலை சுத்தற பொம்பளைக்கு இந்த வேலை எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? என் நாக்காலில வேற யாராவது உக்காருவாங்க." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். படியில் இறங்கப்போனவர் திரும்பினார். "சொல்லலன்னா, பாவம், யாரோ ஒருத்தர் அந்த ரூமுக்குள்ள மாட்டிக்குவாங்க. அதுவும் என்னாலதானே?"

நான் பின்னாலேயே இறங்கினேன். நேராக ஈர்ப்பின் மேஜைக்குப் போய், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தம்பி, எனக்கு அந்த ரூம்ல தலை சுத்துது. கண்ண மூடிட்டு அரை மணி நேரம் உக்காந்துடறேன். முதல்லயே சொல்லியிருக்கணும். மறைச்சுட்டேன். தப்பு என்னுது."

ஈர்ப்பு அவரை ஏறிட்டுப் பார்த்தார். தன் நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, நின்றபடியே கல்லைத் தட்டில் ஏற்றினார். அறைக்குள் நுழைந்து, வாசலைப் பார்க்கத் திரும்பி, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மற்றவர்கள் சுற்றி நின்றோம். பத்து நிமிடம். பதினைந்து. கீழே கண்ணாடி வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருபதாவது நிமிடம் ஒருவர் டீ வாங்கப் போனார். இருபத்தாறாவது நிமிடம், நான் மாடியில் இழுத்துப் பதிவு செய்த அதே கரகரப்பு திரையிலிருந்து லேசாக எழுந்தது. கல் தட்டின் விளிம்பைத் தாண்டியது, அவசரமே இல்லாமல் உருண்டது, கிணற்றுக்குள் போனது. கதவு இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

"ஐயோ, நிஜமாவே சாத்துது," என்றார் சுவரக்கா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. தோள் குலுங்கியது சிரிப்பில்தான். தன் விளையாட்டு உடைந்துகிடப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஓர் ஆளை நான் கண்டதில்லை.

காரணம் சாயங்காலத்துக்குள் அகப்பட்டுவிட்டது. இடிபாடுகளை வரைந்து அடுக்குகிற ஓவியப் பெண், பழைய இடம் என்று தெரியட்டுமே என ஒரு தூணைச் சாய்க்கப் போயிருக்கிறார். தூணோடு சேர்ந்து, வாசல், கல்தட்டு உட்பட அறை முழுவதும் ஒன்றரை டிகிரி சாய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் நடக்கிறவரின் பார்வை மட்டும் நேராக இருக்கிறது. நாளெல்லாம் சுவரை உரசிக்கொண்டு அதற்குள்ளேயே கிடக்கிறவரின் உடம்பு அதை எப்படித் தாங்கும்? கல்லும் நிமிடத்துக்கு ஒரு மயிரிழையாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

"அக்கா, உங்க தலை நேராத்தான் இருக்கு. எங்க ரூம்தான் கோணல்," என்றார் ஈர்ப்பு.

சுவரக்கா அதையும் இழுத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளவில்லை. சாய்ந்த அறை ஒன்று, நிமிர்த்திய அறை ஒன்று என இரண்டு கணினியில் போடச் சொன்னார். எது எது என்று தன்னிடம் சொல்லக் கூடாது என்றார். முதல் கணினியில் பத்தாவது நிமிடம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். சற்று ஓய்வெடுத்துவிட்டு இரண்டாவதில் உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம் நான்கு சுவரையும் உரசினார். "இது ஒண்ணும் பண்ணல," என்று சொல்லிவிட்டு, போன உயிர் திரும்பி வந்தவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறைத்ததற்காக அந்த மனிதர் ஒரு பாடு திட்டித் தீர்த்தார். மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தலையைப் படமெடுத்தார்கள். பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாராம்: "பயப்படாதீங்கம்மா, உங்க தலைக்குள்ள ஒண்ணும் இல்ல."

"இத நான் கல்யாணமான நாள்லருந்து சொல்லிட்டிருக்கேன் டாக்டர்," என்றாராம் கணவர். சொல்லிவிட்டு வெளியே போய், நடைபாதையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். இந்தக் கதையை சுவரக்கா எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம் மட்டும் மூன்று தடவை.

வெளியீட்டுக்கு முந்தைய நாள் காலை, கடைசிச் சோதனை. ஒன்பதாம் அறையில் கல்லைத் தட்டில் ஏற்றிவிட்டு உள்ளே போய், வாசலைப் பார்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கல் அசையவில்லை. கதவு திறந்தே இருந்தது. 'சரியா இருக்கு' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினார். வேலை முடிந்தது.

அவர் வெளியே வரவில்லை. அந்த அறையின் கூரை ஓரிடத்தில் பிளந்திருக்கும். அதற்குக் கீழே குழிந்த தரையில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும்; கால் பட்டால் நான் பதிவு செய்த 'சளக்' கேட்கும். அதை நோக்கி நடந்தார். சுவரில் உரசாமல், நட்டநடுவில் நடந்தார். தண்ணீருக்குள் ஒரு குதி குதித்தார். நின்றார். இன்னொரு குதி. பிறகு தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, என்னைப் பார்க்காமலே என் காதுப் பக்கம் நீட்டிக்கொண்டு, மூன்றாவது தடவை குதித்தார்.