ரேடியேட்டர் கழுவிய நாள்

என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய அம்பாசடர். எழுபதுகளின் கடைசி அது. தீபம் நெருங்குகிற சமயத்தில் திருவண்ணாமலையில் எந்த டிரைவரும் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டார். சவாரி கொட்டுகிற நேரம். அந்த வருஷம் பார்த்து ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. கழற்றி ஈயம் வைத்து அடைக்க வேண்டும். அதற்குப் பதில், ஸ்டாண்டில் எல்லோரும் செய்கிற கைவைத்தியத்தைச் செய்தார். மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பூன் போதும் என்பார்கள். இவர் என் டப்பாவையே கவிழ்த்தார்.

"வண்டிக்குக் குழம்பு வெக்கிறீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"தீபம் முடியட்டும். கழட்டி நல்லா கழுவிடறேன்," என்றார்.

ஒழுகல் நின்றது. தீபத்தன்று வண்டி போகாத தெருவில்லை. மறுநாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே வேலூர் கொண்டுபோங்கள் என்றார். சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது வேறு யோசனை யாருக்கு வரும்? மாமியார் மடியில் தலை வைத்துப் பின்சீட்டில் படுத்தேன்.

போளூர் தாண்டியதும் வண்டி கொதித்துவிட்டது. ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள், தண்ணீர் ஓடுகிற மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்திருந்தது. அவர் பதற்றத்தில் மூடியைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டார். வயலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி கொதிக்கும், மறுபடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

"எதுனா ஒரு வண்டிய நிறுத்துடா," என்று மாமியார் கத்தினார்.

"இதோ ஆறிடும்மா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தன் வண்டியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை அந்த மனுஷனுக்கு. கடைசியில் ஒரு லாரிக்காரர் தானாகவே நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார்.

வேலூரில் என்னைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பெண் குழந்தை. அழவே இல்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டரைக் கழுவ ஆரம்பித்தார். கைக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. சலவை சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியிலிருந்த திருகைத் திறந்தார். மஞ்சள் சேறு கட்டி கட்டியாக விழுந்து தெருவில் ஓடியது. நான் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. ஊரில் யாராரோ வந்து, விதி, உனக்குக் கொடுப்பினை இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்மேல் வெறுப்பு, வேறொன்றும் இல்லை.

குடம் குடமாக ஊற்றினார். போகப் போக நிறம் வெளுத்து, கிணற்றில் இறைத்த மாதிரியே தண்ணீர் வெளியே வந்தது. அவர் நிமிரவில்லை.

"எனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது. தெளிஞ்சிடுச்சா, நீ வந்து பாரு," என்றார்.

மெல்ல எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். தேங்கிய தண்ணீருக்கு அடியில் சின்னச் சின்னக் கல்லெல்லாம் தெரிந்தது.

"இன்னும் இல்லைங்க," என்றேன்.

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.